நாஞ்சில் நாட்டில் மணவிலக்கும் ஜீவனாம்சமும்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் மண்ணாக இருந்ததால், இங்குள்ள மணவிலக்கு வரலாறு தமிழகத்தின் மற்றப் பகுதிகளைப் போன்றதல்ல. இம்மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு வேளாளர், நாயர் முதலிய சமூகங்களில் மருமக்கள்வழி நிலவியது. சொத்து மகனை விட்டுச் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. கணவன் மனைவி பிரிவது பெரிய காரியமாக இருக்கவில்லை. உறவை முறிக்கும் எழுத்துக்கு ‘ஒழிமுறி’ என்று பெயர். ஜெயமோகன் திரைக்கதையில் 2012இல் வந்த மலையாளப் படத்தின் பெயரும் அதுவே. முதிய வயதில் மணவிலக்குக் கேட்கும் மனைவியின் வழக்கு அதன் கதை.

பிரிந்தவளுக்குப் பிறந்த வீடு இருந்தது. பிள்ளைகளுக்கோ தகப்பன் சொத்தில் பிடிமானம் மிக மெலிது. வேளாளரிடையே பிள்ளைகளுக்கு ‘உகந்துடைமை’, மனைவிக்கு ‘நங்குடைமை’ என்று சிறு உரிமைகள் உண்டு, அவை போதவில்லை. காரணவர் (குடும்பத் தலைவர்) ஒருவரின் ஐந்தாம் மனைவியே தன் துயரைச் சொல்வதாகக் கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தைப் பாடினார். 1926இல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மருமக்கள்வழியை மாற்றிப் பிள்ளைகளுக்குத் தந்தை சொத்தில் உரிமை தந்தது.

இன்று இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். வழக்காறும் தனிச்சட்டமும் தந்த மணவிலக்கு உரிமையை அதன் 29ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேரான கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம். கணவனின் கொடுமை ஒன்றை மட்டும் காட்டி மனைவி விலக்குப் பெற அதில் 2001 வரை வழியில்லை. வழக்கு நடக்கும்போது கணவன் தரும் தொகைக்கும் அவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்ற வரம்பு இருந்தது. இரண்டையும் 2001 திருத்தம் நீக்கியது. ஆனாலும் மனமொத்துப் பிரிய இந்துக்கள் ஓராண்டு பிரிந்திருந்தால் போதும். கிறிஸ்தவர்களுக்குச் சட்டம் ஈராண்டு என்கிறது. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் கிடையாது.

ஜீவனாம்சத்துக்கு மதம் தடையில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியுள்ளது. தன்னைக் காத்துக்கொள்ள வழியற்ற மனைவி, மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்யாதவள், வயதுவராப் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் இதன்படி கேட்கலாம். பெற்றோர் முறைப்படி மணந்திராவிட்டாலும் பிள்ளையின் உரிமை குறையாது. 2001 வரை மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாதிருந்தது; இப்போது உச்சவரம்பு இல்லை. இருவரும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், தொகையை மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே பிள்ளையோடு பிரிந்து நிற்பவர்கள், சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும், மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.