ஒன்ஸ்மோர்

இசை நாடகத்தில் பிடித்த பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லி ரசிகர்கள் எழுப்பும் குரல். சொல் ஆங்கிலம்தான், மண்தரையில் உட்கார்ந்தவருக்கும் அது பழகியிருந்தது. புது நாடகம் தேறுமா என்பதற்கு முதல் இரவுகளில் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமண'த்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய காலத்தில் இக்குரல் உச்சத்துக்குப் போனது. மேடையோரம் ஆர்மோனியம் மறுபடி பல்லவியைத் தொட்டதும் கொட்டகை அடங்கும். கதை? அது காத்திருக்கும். செத்து விழுந்த ராஜா எழுந்து பாடிவிட்டு மீண்டும் செத்ததாகக்கூட மேடைக் கதைகள் உண்டு.

பல்லாவரத்தை அடுத்த பம்மலைத் தம் பெயரில் சுமந்த சம்பந்த முதலியார், 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் வேறு வழி பிடித்தார். பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டினார். விடிய விடிய நடந்த ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்த அவரது 'சபாபதி' தேடியது ஒன்ஸ்மோரை அல்ல, சிரிப்பை. 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக்கினார்.

பின்னாளில் ஒன்ஸ்மோர் சினிமாக் கொட்டகைக்கும் குடிபெயர்ந்தது. ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்கள். சில ஊர்களில் ரீலும் திரும்பியது.