ஆவடி டாங்கிகளும் அதிர்வுத் தாங்கிகளும்

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடி, இந்தியாவில் டாங்கிகள் தயாராகும் ஊர். சாலையே இல்லாத நிலத்தில் வேகமாக ஓட வேண்டிய இவ்வண்டிகளுக்குச் சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுப்பது, இன்ஜினையும் பீரங்கியையும் தேர்ந்தெடுப்பதற்கு இணையான முடிவாகும். கடந்த அறுபது ஆண்டுகளில் இத்தேர்வு மாறிவந்த விதத்தை ஆவடியில் உருவான வண்டிகளைக் கொண்டே அறியலாம்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

சஸ்பென்ஷனுக்கு இரண்டு வேலைகள் உண்டு. எடையைத் தாங்கி, மேடுபள்ளத்திற்கு ஏற்பச் சக்கரத்தை ஏறி இறங்கவிடுவது ஸ்பிரிங்கின் வேலை. அந்த ஆட்டத்தை விரைவில் அடக்குவது அதிர்வுத் தாங்கி எனப்படும் ஷாக் அப்சார்பரின் வேலை. அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஷாக் அப்சார்பர் இல்லாத வண்டி, ஒரு மேட்டைக் கடந்த பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும்.

முறுக்குத் தண்டுக் காலம்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பைப் பின்பற்றி 1965 முதல் இங்கு விஜயந்தா டாங்கிகள் உருவாயின. 1980களில் சோவியத் டி-72 டாங்கி 'அஜேயா' என்ற பெயரில் இங்குத் தயாரானது. இரண்டும் ஏறத்தாழ 40 டன் எடையுள்ளவை. இரண்டிலும் பக்கத்திற்கு ஆறு சக்கரங்கள். இரண்டுமே முறுக்குத் தண்டு சஸ்பென்ஷன் கொண்டவை.

முறுக்குத் தண்டு என்பது வண்டியின் அடித்தளத்தில் குறுக்காகக் கிடக்கும் உருக்குக் கம்பி. அதன் ஒரு முனை வண்டியின் உடலோடும், மறுமுனை சக்கரத்தின் கையோடும் இணைந்திருக்கும். சக்கரம் மேலெழும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். பிறகு தன்நிலைக்குத் திரும்பும். இதில் கசிவதற்கு எதுவுமில்லை, பராமரிப்பும் எளிது. ஆனால் அது தானாக ஆட்டத்தை அடக்காது. அதனால் டி-72இல் முதல், இரண்டாம், ஆறாம் சக்கரங்களுக்குத் தனி ஷாக் அப்சார்பர்கள் பொருத்தப்பட்டன. வண்டி முன்னும் பின்னும் குதிக்கும்போது அதிகம் அசைபவை ஓரச் சக்கரங்களே.

அர்ஜுனின் தேர்வு

இந்தியாவே வடிவமைக்கும் டாங்கிக்கு 1974இல் அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய அந்த டாங்கிதான் அர்ஜுன். அதன் எடை சுமார் 58.5 டன். பக்கத்திற்கு ஏழு வீதம் பதினான்கு சக்கரங்கள் இருந்தும், ஒவ்வொன்றின் பங்குக்கும் 4 டன்னுக்கு மேல் வருகிறது. அஜேயாவில் அது சுமார் மூன்றரை டன்தான். ஓடிக்கொண்டே குறிபார்த்துச் சுட வேண்டும் என்ற தேவையும் இருந்ததால், அர்ஜுனுக்கு நீர்மவாயு சஸ்பென்ஷன் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இந்த அமைப்பு உலகிற்குப் புதிதன்று. 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். காரும், 1960களின் சுவீடன் நாட்டு எஸ்-டாங்கியும் இதே தத்துவத்தில் இயங்கியவை. சக்கரம் மேலெழும்போது எண்ணெய் ஒரு பிஸ்டனைத் தள்ளி, அடைத்து வைக்கப்பட்ட நைட்ரஜனை அழுத்தும். வாயு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு விறைப்பாகும். ஆகவே சிறு மேடுகளில் சஸ்பென்ஷன் மென்மையாக இருக்கும். பெரிய பள்ளத்தில் விழும்போது கடினமாகி, சக்கரம் அடித்தளத்தில் மோதாமல் காக்கும். எண்ணெய் செல்லும் வழியிலேயே அடக்கும் வால்வு அமைவதால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே உறுப்பாகின்றன. அவை டாங்கியின் வெளிப்புறத்தில் பொருத்தப்படுவதால், முறுக்குத் தண்டுகள் அடைக்கும் அடித்தள இடமும் மிஞ்சுகிறது. கரடுமுரடு பந்தய ஜீப்புகளின் நைட்ரஜன் ஷாக் அப்சார்பர்களில் வாயுவும் எண்ணெயும் கலக்காமல் பிரித்து வைக்கப்படுவதும் இதே முறையில்தான். ஆனால் அவற்றில் வண்டியின் எடையைப் பெரும்பாலும் தனிச் சுருள் ஸ்பிரிங்கே தாங்கும்.

வாயு ஸ்பிரிங்கின் சிக்கல்கள்

இந்த வசதிக்கு விலையும் உண்டு. உயர் அழுத்தத்தைத் தாங்கும் சீல்கள் தேய்ந்தால் எண்ணெயோ வாயுவோ கசியும். அந்தச் சக்கரம் தன் பங்கு எடையைத் தாங்காது. ராஜஸ்தான் பாலைவனத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வெயிலாலும் இடைவிடாத ஆட்டத்தாலும் எண்ணெய் சூடேறி இளகும்போது அடக்கும் திறன் குறைகிறது. வாயுவின் அழுத்தம் கூடி வண்டியின் உயரமே மாறுகிறது. உருக்குக் கம்பியில் இந்தத் தொல்லைகள் இல்லை. அமெரிக்காவின் ஏப்ரம்ஸ், ஜெர்மனியின் லெப்பர்டு 2 போன்ற கனத்த டாங்கிகளும் முறுக்குத் தண்டையே நம்பியதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம்.

இன்றைய நிலை

அர்ஜுன் 2004இல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்படத் தொடங்கியது. 2021இல் 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு ஆணை வழங்கப்பட்டது. அதன் எடை சுமார் 68 டன். அதுவும் நீர்மவாயு சஸ்பென்ஷனிலேயே ஓடுகிறது. சுமார் 46 டன் எடையுள்ள டி-90 பீஷ்மா, முறுக்குத் தண்டில் ஓடுகிறது. இரண்டுமே ஆவடியின் அதே தொழிற்சாலைக்கு உரியவை. எடை, நிலம், செய்ய வேண்டிய வேலை, களத்தில் பழுதுபார்க்கும் வசதி ஆகிய நான்கையும் ஒருசேர எடைபோட்டே சஸ்பென்ஷன் முடிவாகிறது என்பதற்கு இவ்விரு டாங்கிகளும் சான்றாகும்.