உலை அணையாத கொல்லன்



மன்னர்தம் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே வரலாறு எனப் பலர் கருதுகின்றனர். கருவிகளுக்கும் வரலாறு உண்டு. ஈமாக்ஸ் என்னும் கணிப்பொறிக் கருவியின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஈமாக்ஸ் என்பது எழுதுவதற்கும் எழுதியதைத் திருத்துவதற்கும் உரிய எடிட்டர். 1976-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில், டெக்கோ என்னும் பழைய எடிட்டரின் மேல் அமைந்த கட்டளைத் தொகுப்பாக அது பிறந்தது. அதனை ஆக்கியோருள் முதன்மையானவர் ரிச்சர்டு ஸ்டால்மன். அவரே 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்து, 1985-இல் எவரும் படித்து, திருத்தி, பிறருடன் பகிரத்தக்க குனூ ஈமாக்ஸை வெளியிட்டார்.

யூனிக்ஸ் முறையில் ஒரு வழக்கம் உண்டு. மடல் எழுதும் நிரல் போன்றவை தமக்கென எடிட்டர் வைத்துக்கொள்வதில்லை. பயனர் விரும்பும் எடிட்டர் எதுவென அறிந்து அதனை அழைக்கும். சிறிய எடிட்டராயின் உடனே வந்துவிடும். ஈமாக்ஸோ பெரியது, அக்காலக் கணிப்பொறிகளின் நினைவகமோ மிகச் சிறியது. ஈமாக்ஸின் ஆங்கில எழுத்துக்களை, ‘எட்டு மெகாபைட்டும் ஓயாத இடமாற்றமும்’ என்று பொருள்பட விரித்து நகையாடியவர்களும் உண்டு. ஒவ்வோர் ஆணிக்கும் உலையைப் புதிதாக மூட்டும் கொல்லனை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சிறு மடலுக்கும் ஈமாக்ஸைப் புதிதாகத் தொடங்குவது அத்தகையதே.

உலையை அணையவிடாது காப்பதே இதற்குக் கண்ட தீர்வு. 1986-ஐ ஒட்டி வில்லியம் சோமர்ஃபெல்டு எழுதிய சிறு நிரல், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஈமாக்ஸைப் பிற நிரல்களுக்குப் பணிபுரியும் சர்வராக மாற்றியது. ஈமாக்ஸ்கிளையண்ட் என்னும் தூதுவன் சாக்கெட் என்ற வாயிலின் வழியே சென்று, கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்து நிற்பான். பயனர் திருத்தி முடித்து, ‘முடிந்தது’ எனக் கட்டளையிட்டதும் தூதுவன் விடைபெறுவான். அனுப்பிய நிரல் தன் வேலையைத் தொடரும். இக்காத்திருப்பே இவ்வமைப்பின் உயிர். தூதுவன் காவாது திரும்பினால் அரைகுறை மடலே அஞ்சலிற் சேரும்!

இவ்வசதியில் இடரும் உண்டு. தூதுவன் கோப்பின் பெயரை மட்டுமன்றி, லிஸ்ப் மொழிக் கட்டளைகளையும் கொண்டு செல்ல வல்லவன். அயலான் ஒருவன் அவ்வாயிலில் நுழைந்தால் வீட்டுக்குரியவனின் அதிகாரமெல்லாம் அவன் கைக்கு வந்துவிடும். ஆதலின், உரியவர் மட்டுமே வாயிலை அணுகுமாறு காவல் அமைந்தது. வலையமைப்பின் வழியே வருவோர்க்கு மறைத்திறவு ஒன்றும் வேண்டப்பட்டது. பணிபுரிவோன் வாயிலைத் திறக்க வேண்டும். ஆனால் எல்லார்க்கும் திறத்தலாகாது.

காலப்போக்கில் ஸ்டால்மனும் பிறரும் அந்நிரலைத் திருத்தினர். பின்னர்க் காரோலி லோரெண்டே என்பவர், ஒரே ஈமாக்ஸ் பல முனையங்களில் ஒருங்கே தோன்றும் வகையில் அதனைப் புதுக்கினார். 2009-இல் வெளிவந்த 23-ஆம் பதிப்பில், திரையில் தோன்றாமலே பின்னணியில் காத்திருக்கும் முறையும் சேர்ந்தது. இன்று கிட் என்னும் நிரல் மாற்றக் குறிப்பு எழுத எடிட்டரை நாடும்போதும், பழைய தூதுவனே சென்று நிற்கின்றான்.

முன்னவர் எழுதியதைப் பின்னவர் படிக்க உரிமை இருந்தமையாலன்றோ இத்தொடர்ச்சி வாய்த்தது? அந்நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால், அதனைப் புதுக்கக் கைகள் வந்திரா. அதன் மூலம் இன்றும் உங்கள் முன் திறந்தே கிடக்கின்றது. இளைஞர்களே, ஒருமுறை அதனைப் படித்துப் பாருங்கள். அடுத்த திருத்தம் உங்களுடையதாகலாம்.