கோப்பிக் காலமும் திருநெல்வேலிச் சீமையும்

காப்பிச் செடி எப்படி விளைகிறது என்ற ஆவல் இன்று அதைக் குடிப்பவருக்கே எழுகிறது என்றாலும், திருநெல்வேலிச் சீமையில் அந்த வேளாண்மையின் நுணுக்கத்தை முதலில் கைப்பழக்கமாக அறிந்தவர்கள், காப்பி குடிக்கும் வழக்கம் வீடுகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இலங்கை மலைகளுக்குக் கூலிக்குச் சென்றவர்கள் ஆவர். 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய ஆங்கிலேயரின் காப்பித் தோட்டங்கள் 1840களில் கண்டிச் சீமையெங்கும் பரவியபோது, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சை வட்டாரங்களின் ஊர்களில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி, கூட்டிச்சென்று, வேலையையும் மேற்பார்த்தவர் கங்காணி எனப்பட்டார். அவர் கொடுத்த முன்பணமே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த கடனாகவும் ஆயிற்று.

காட்டை வெட்டி எரித்து, முளைக்குச்சி அடித்து, குழி தோண்டி, நாற்றங்காலில் வளர்ந்த கன்றை மழைக்காலத்தில் நட்டால் மூன்றாம் ஆண்டளவில் காய்ப்புத் தொடங்கும். கோடைமழை விழுந்த சில நாட்களில் கிளைக் கணுக்களில் மல்லிகை மணத்தோடு பூக்கும் வெண்பூ ஓரிரு நாளில் வாடிவிடும். அதன்பின் காய் முற்றிச் சிவக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகும். ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் நிற்பதால் ஒரே மூச்சில் உருவ இயலாது. பழுத்ததை மட்டும் விரலால் திருகி எடுத்து, மீண்டும் மீண்டும் அதே செடிக்குத் திரும்ப வேண்டும். பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கி, கொட்டைமேல் ஒட்டிய வழுவழுப்பு கழலும்வரை தொட்டியில் புளிக்கவிட்டு, கழுவி, வெயிலில் உலர்த்துவர். காப்பியின் சுவை பெரிதும் இந்தப் பொறுமையான பறிப்பில் அமைவதால், ஏட்டில் பெயர் ஏறாத அந்தப் பறிப்பாளர்களையே இத்தொழிலின் வல்லுநர்கள் எனக் கொள்வது நியாயம்.

ஆவணி, புரட்டாசியில் தொடங்கி மார்கழிவரை நீண்ட இந்த அறுவடைக்கே பெருமளவில் ஆட்கள் தேவைப்பட்டதால், பலர் பருவத்துக்குச் சென்று, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கி, 100 மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியை நடந்து மாத்தளையை அடைய வேண்டியிருந்த அந்தப் பாதையில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர் ஆயிரக்கணக்கினர். காப்பியின் வரலாற்றைச் சொல்லும் எவரும் இதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடக் கூடாது.

காப்பி வேளாண்மையைப் பாடும் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ யாழ்ப்பாணத்தில் அச்சேறிய அதே 1869ஆம் ஆண்டில்தான், இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் படரும் இந்தப் பூஞ்சை, நனைந்த இலையின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து, இலையை உதிர்த்து, காயைச் சூம்பவைக்கும். அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தொழில் ஏறக்குறைய அழிய, தோட்டக்காரர்கள் முதலில் சின்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறினர். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதால், போய்வந்த தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில், அதாவது வரிசை அறைகளில், நிலையாகத் தங்க நேர்ந்தது. மலையகத் தமிழ்ச் சமூகம் வேரூன்றியதில் ஒரு பூஞ்சைக்கு இருந்த பங்கு சிறிதன்று.

திருநெல்வேலிச் சீமையிலேயே, தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மேல்மலைகளிலும் தேயிலையே முதன்மை பெற்றது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கரில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தோட்டங்கள் எழுந்தன. அங்கே காப்பியும் ஏலமும் பக்கப் பயிர்களாகவே இருந்தன. குத்தகை 2028இல் முடியவிருக்க, 2024இல் நிறுவனம் பணிகளை நிறுத்த முற்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே உழைத்த குடும்பங்கள் மறுவாழ்வு கோரி நீதிமன்றத்தை நாடின.