திவாலான நாடு, தப்பித்த காடு

செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தவன் எங்கே போய் நின்றேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடம் லிக்விடேஷன். ஒரு கம்பெனியை இழுத்து மூடும்போது லிக்விடேட்டர் வருவார், சொத்தையெல்லாம் விற்பார், கடன்காரர்களுக்கு வரிசைப்படி கொடுப்பார், மிச்சம் இருந்தால் பங்குதாரருக்கு. இரண்டு கணக்கு போட்டதும் தூக்கம் வந்தது. தூக்கம் கலைய ஒரு சைக்கிள் வீடியோ போட்டேன். அதில் ஒருவர் கிராவல் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். தெரியாதவர்களுக்கு: ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் தடித்த டயர். தார் ரோடு முடிந்த பிறகும் சரளையிலும் மண்ணிலும் போகும்.

இடம் வடகிழக்கு ஜெர்மனி, மெக்லென்பர்க் ஏரி நாடு. நடுவில் மியூரிட்ஸ் ஏரி, 117 சதுர கி.மீ. முழுக்க ஜெர்மனிக்குள் இருக்கும் ஏரிகளில் இதுதான் பெரியது. (கான்ஸ்டன்ஸ் ஏரி இதைவிடப் பெரியது, ஆனால் அதில் சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் பங்கு உண்டு.) கிழக்குக் கரையில் மியூரிட்ஸ் தேசியப் பூங்கா, சுமார் 320 சதுர கி.மீ., நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். கடைசிப் பனியுகத்தில் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் உருகி, அந்தத் தண்ணீர் மணலைப் பரப்பிவிட்டுப் போனது. அதனால் பெரும்பாலும் தட்டையான நிலம், பைன் மரக் காடு, இடையிடையே ஏரிகள். பெடலை மிதித்துக்கொண்டே இருக்கலாம், மேடு பற்றிய கவலை அதிகம் இல்லை.

அழகாக இருக்கிறதே, இந்தக் காட்டை யார் காப்பாற்றி வைத்தார்கள் என்று தேடினேன். அங்கேதான் என் பாடமே எதிரில் வந்து நின்றது.

முதலில் அந்த ஊர்ப் பாதைகளைப் பற்றிச் சொல்கிறேன். அவை ஒரு பழைய கணக்குப் புத்தகம் மாதிரி. கிராமத்துக்குள் உருண்டைக் கல் பதித்த பழைய ரோடு இருக்கும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து பனி உருட்டிக்கொண்டு வந்த கற்கள்தான். அது பிரபுக்களின் காலம். பூங்காவின் கிழக்குப் பகுதியான செரானில் இன்று யுனெஸ்கோ பட்டியலில் (2011) இருக்கும் பழைய பீச் மரக் காடு, 19ஆம் நூற்றாண்டில் மெக்லென்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் பெருங்கோமகனின் வேட்டைக்காடு.

அடுத்து கான்கிரீட் பலகை பதித்த பாதை. கிழக்கு ஜெர்மனி முழுக்க இதைப் பார்க்கலாம். சைக்கிளில் போனால் பலகைக்குப் பலகை 'டக் டக்' என்று முதுகில் அடிக்கும். இது கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துப் பதிவு. எல்லாம் மக்கள் சொத்து என்று சொன்ன நாட்டில், மியூரிட்ஸின் கிழக்குக் கரைக் காடு அரசு வேட்டைப் பகுதியாக இருந்தது. அங்கே வேட்டையாடியவர் வில்லி ஷ்டோஃப், அமைச்சர் குழுவின் தலைவர், அதாவது பிரதமர். பொதுமக்கள் உள்ளே போக முடியாது. கோமகன் போனார், தோழர் வந்தார், வேலி மட்டும் அப்படியே இருந்தது!

மூன்றாவது, டயர் புதையும் வெறும் மணல். இதில் ராணுவத்தின் கைவரிசையும் உண்டு. ஏரியின் தெற்கே ரெக்லினில் ஹிட்லரின் விமானப்படை தன் விமானங்களைச் சோதித்தது. போருக்குப் பின் பக்கத்து லேர்ட்ஸ் விமானதளத்தில் சோவியத் படை இருந்தது. இன்னும் தென்மேற்கே விட்ஸ்டாக் புல்வெளியில் சோவியத் விமானங்கள் குண்டு போட்டுப் பழகின. அடுத்து அதே இடத்தை ஜெர்மன் ராணுவம் கேட்டது. 1992ல் உள்ளூர் மக்கள் எதிர்ப்பு இயக்கம் ஆரம்பித்தார்கள். ஊர்வலம், கோர்ட் என்று இழுத்து, 2009ல்தான் ராணுவம் கைவிட்டது. மண்ணுக்குள் இன்னும் வெடிக்காத குண்டுகள் இருப்பதால் இன்றும் குறியிட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது.

இப்போது 1990க்கு வருவோம். 1989 நவம்பர் 9ல் பெர்லின் சுவர் திறந்தது. 1990 ஜூலை 1ல் மேற்கு ஜெர்மனியின் மார்க்கே கிழக்கிலும் பணமானது. அக்டோபர் 3ல் இரண்டு நாடும் ஒன்றாவது என்று முடிவானது. அதாவது கிழக்கு ஜெர்மனி என்ற 'கம்பெனி'க்கு மூடுவிழா தேதி குறித்தாகிவிட்டது.

லிக்விடேட்டரும் வந்தார். பெயர் ட்ராய்ஹாண்ட். 8,000க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், சுமார் 40 லட்சம் தொழிலாளர்கள் அதன் கையில். அதன் தலைவர் ரோவெடர், மொத்தச் சொத்தும் 60,000 கோடி மார்க் தேறும் என்று 1990ல் மதிப்பிட்டார். 1994 கடைசியில் கடையைக் கட்டியபோது லாபம் இல்லை, 25,000 கோடி மார்க்குக்கு மேல் நஷ்டம். பாதிக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ரோவெடர் 1991 ஏப்ரல் 1ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கூட்டம் வேறு வேலை பார்த்தது. மிகாயேல் சுக்கோ என்ற சதுப்புநில ஆய்வாளர் 1990 ஜனவரியில் சுற்றுச்சூழல் துணை அமைச்சரானார். வேட்டைக்காடு, எல்லைப் பகுதி, ராணுவ நிலம் என்று மக்கள் போக முடியாமல் கிடந்த இடங்களையெல்லாம் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். சில மாதங்களில் அவர் பதவி விலகினார். அவருடைய நண்பர்கள் விடவில்லை, ராப்பகலாக ஆணைகளைத் தயாரித்தார்கள். 1990 செப்டம்பர் 12, கிழக்கு ஜெர்மனி அமைச்சர் குழுவின் கடைசிக் கூட்டம். 5 தேசியப் பூங்கா, 6 உயிர்க்கோளக் காப்பகம், 3 இயற்கைப் பூங்கா, ஆக 14 ஆணைகள் நிறைவேறின. நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட 5 சதவீதம். அக்டோபர் 1ல் அமலுக்கு வந்தன. அந்த நாட்டுக்கு ஆயுள் இன்னும் இரண்டே நாள்!

ஷ்டோஃப் எந்த அமைச்சர் குழுவுக்குத் தலைவராக இருந்து அந்தக் காட்டில் வேட்டையாடினாரோ, அதே அமைச்சர் குழுதான் கடைசிக் கையெழுத்தில் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

எங்கள் புத்தகப்படி பார்த்தால் இது வில்லங்கம். மூடப்போகும் கம்பெனி கடைசி நேரத்தில் சொத்தைக் கை மாற்றினால், செல்லாது என்று ஆக்க லிக்விடேட்டருக்கு வழி உண்டு. இங்கே நடந்தது தலைகீழ். செப்டம்பர் 18ல் கையெழுத்தான கூடுதல் ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனி இந்த ஆணைகளை ஏற்றுக்கொண்டது. அதன் சுற்றுச்சூழல் அமைச்சர் டோப்ஃபர், ஜெர்மன் ஒற்றுமையின் வெள்ளிப் பாத்திரங்கள் என்றே இவற்றைச் சொன்னார். கஷ்டகாலத்திலும் விற்காமல் வைத்திருக்கும் குடும்ப வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். வேலை போனவனிடம் கழுகைக் காட்டினால் என்ன சொல்வான்? பழைய தடை போய்ப் புதிய தடையா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஏன் என்றால், நான் பள்ளியில் படித்தபோது அப்பா வேலை பார்த்த மில்லை மூடினார்கள். தறி முதல் மின்விசிறி வரை ஏலம் போனது. காம்பவுண்டில் முப்பதுக்கு மேல் வேப்பமரங்கள் இருந்தன. ஷிப்ட் முடிந்து எல்லோரும் அங்கேதான் உட்கார்வார்கள். அந்த மரங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. நிலம் பிளாட் ஆனது, மரங்கள் விறகாயின. அப்பாவுக்கு வர வேண்டிய பணம் பாதிதான் வந்தது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. "அந்த நிழலையாவது விட்டிருக்கலாம்டா" என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

ட்ராய்ஹாண்ட் கணக்கில் மார்க் இருந்தது, மெஷின் இருந்தது. ஏரிக்கரையில் ஒருவன் அனுமதி கேட்காமல் சைக்கிள் ஓட்டுவதற்கு அதில் கட்டமே இல்லை. இன்று வாரென் ஊரிலிருந்து ஃபெடரோ, ஸ்பெக், போயெக் கிராமங்கள் வழியாக யார் வேண்டுமானாலும் சைக்கிளில் போகலாம். ஃபெடரோவில் விரால் அடிப்பான் கழுகின் கூட்டை நேரலைக் கேமராவில் பார்க்கலாம். மொத்தக் கலைப்பில் ஏலத்துக்கு வராமல் தப்பிய சொத்து அது, கடைசி நேரத்தில் யாரோ சிலர் உட்கார்ந்து எழுதி வைத்ததால்.

நாளை மறுநாள் பரீட்சை. லிக்விடேட்டர் அறிக்கையில் வரவு, செலவு இரண்டு பக்கமும் எழுதி டேலி ஆனால் முழு மார்க். நானும் அப்படித்தான் எழுதப் போகிறேன். ஆனால் எழுதும்போது அந்த வேப்பமரங்கள் ஞாபகம் வரும்.