காவிரியும் தங்கவயலும்

1836-இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய முக்கொம்பில், காவிரியினின்று கொள்ளிடம் பிரிந்து செல்வதைப் பார்த்து நிற்கும் எங்கள் திருச்சிவாசிகளுக்கு அந்நீர் என்றதும் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமே நினைவுக்கு வரும். அதே நதி பொன் எடுக்கவும் உழைத்தது என்னும் உண்மை என் மனத்தில் ஆழப் பதிந்தது, மைசூர்ப் பிரயாணத்தின்போது கோலார் தங்கவயலின் பாழடைந்த சுரங்கங்களிடையே நடந்தபொழுதுதான்.

1870-களில் லவேல் என்னும் ஐரிஷ் போர்வீரர் மைசூர் சர்க்காரிடம் உரிமம் பெற்றுக் கோலாரில் தொடங்கிய தங்கச் சுரங்க முயற்சி, 1880-இல் லண்டன் முதலாளிகளின் கம்பெனியாயிற்று. அக்காலத்திலேயே நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பக்கங்களில் எழுந்த பொன்வேட்டை சில ஆண்டுகளில் அடங்கிவிட, கோலார் மட்டும் நிலைத்தது. சுரங்கம் ஆழமாக ஆழமாக நீராவி யந்திரங்களுக்கு விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகாமற்போகவே, 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பிவழியே தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகரத்துக்கு அந்த வெளிச்சம் கிடைத்ததோ 1905-இல்தான். கோடையில் நதி மெலிந்தாலும் சுரங்கத்துக்கு மின்சாரம் குறையலாகாது என்பதும், 1911-இல் மைசூர் சர்க்கார் காவிரியின் குறுக்கே கண்ணம்பாடி அணையைத் தொடங்கியதற்கு ஒரு முக்கிய காரணம். 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கைவரை சென்னை ராஜதானியும் மைசூரும் வாதாடிய காவிரி வழக்கினுள் இந்தப் பொன்னின் பங்கும் இருந்தது.

அப்பொன்னை வெட்டியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பிச் சென்ற ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள். மூங்கில் தட்டி வேய்ந்த லயன் குடிசைகளில் குடியிருந்து, 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், தொட்டால் கை சுடும் பாறையைக் குடைந்து, திடீரென்று பாறை வெடித்துச் சரிவதற்கும், நுரையீரலில் படிந்து உயிரை அரிக்கும் கல்தூசிக்கும் பலியானவர்கள் அவர்கள். நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளிப்பட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது.

இன்று தூக்கியந்திரக் கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண், சயனைடு மேடுகளாகக் குவிந்து, மழை அறுத்த ஆழமான வரிகளுடன் வெளிறிக் கிடக்கிறது. காற்று வீசினால் அதன் நுண்தூள் வீடுகளுக்குள் புகுந்து, உலர்த்திய துணிமீதும் மூடாத சோற்றின்மீதும் படிகிறது. ஆயினும் தங்கவயலை ஆளற்ற பேயூர் என்பது பெரும் பிழை. ஏனெனில் தொழிலாளரின் சந்ததியார் இன்றும் அங்கேயே வாழ்ந்து, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவில் திரும்புகின்றனர்.

காவிரியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், தஞ்சைக் கழனியின் நெல்லோடு கோலாரின் பொன்னையும், அப்பொன்னோடு அதை வெட்டியவர்கள் இழந்த மூச்சையும் ஒருசேரக் கணக்கில் எழுதவேண்டும்; அங்ஙனம் எழுதாதவரையில் அச்சரித்திரம் பாதிச் சரித்திரமே.