வானொலிக் கிரிக்கெட் வர்ணனையாளர்கள்

மைதானத்தில் நடப்பதை நடக்கும் நொடியிலேயே சொல்லி, ஆட்டத்தைக் காண முடியாதவர்களுக்குக் காதுவழியே காட்டுபவர் வானொலி வர்ணனையாளர். இந்தியாவில் இக்கலை பெரிதும் கிரிக்கெட்டோடு வளர்ந்தது. குரல்வளத்தை வைத்தே வர்ணனையாளரை எடைபோடுவது வழக்கம். ஆனால் தான் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் துணிவையே முதல் தகுதியாகக் கொள்ள வேண்டும்.

அத்தகுதியின் அருமை அந்தமான் போன்ற இடத்தில்தான் முழுதாகப் புரியும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி இருக்கிறது போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களில் 15.2 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். தீவுகளுக்கென ரஞ்சி அணி கிடையாது. சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்ட் பார்க்கக் கப்பலேறினால் போவதற்கே மூன்று நாள் ஆகும். அகில இந்திய வானொலியின் போர்ட் பிளேர் நிலையம் 1963இல் தொடங்கியது. மத்திய அலை இரவில் வெகுதூரம் போகும், பகலில் அவ்வளவாக எட்டாது. அதனால் பகல் ஆட்டங்களுக்குச் சிற்றலையையும் உள்ளூர் நிலையத்தின் அஞ்சலையுமே தீவுவாசிகள் நம்ப வேண்டியிருந்தது. கேட்டதைச் சரிபார்க்கத் தொலைக்காட்சி இல்லாத அந்தக் காலத்தில், ‘கையிலிருந்த கேட்சைக் கோட்டைவிட்டார்’ என்று வர்ணனையாளர் சொல்லாமல் விட்டால் அப்படி ஒரு கேட்ச் இருந்ததே தீவுக்குத் தெரியாது.

இந்திய வர்ணனையின் முதல் பெரும் ஆளுமை பம்பாயின் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் (1897–1990). பாபி என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். 1934இல் பம்பாய் எஸ்பிளனேட் மைதானத்தில் நடந்த நாற்கோணப் போட்டியில் பார்சிகளும் முஸ்லிம்களும் ஆடிய ஆட்டத்தை அவர் வர்ணித்தார். உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை தவிர நாள் முழுக்க ஒற்றை ஆளாகப் பேசினார். பக்கத்தில் இன்னொருவர் உட்காருவதை அவர் ஏற்கவில்லை. 1948–49இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது மூவர் குழு என்று வானொலி முடிவுசெய்ய, அவர் ஒலிவாங்கியை விட்டு விலகினார். இதைத் தலைக்கனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரே ஆள் பேசும்போது சொன்ன சொல்லுக்கு அவர் ஒருவரே பொறுப்பு. பிற்காலத்தில் பத்திரிகைப் பத்திகளிலும் அவர் அதே தாட்சண்யமில்லாத தொனியில்தான் எழுதினார்.

விலகலுக்குப் பின் குழு முறையே நிலைத்தது. வர்ணனையாளர்கள் பெரும்பாலும் நிலைய ஊழியர்கள் அல்லர். குரல் தேர்வில் தேறி, ஆட்டத்துக்கு ஆட்டம் ஒப்பந்தத்தில் அழைக்கப்படுபவர்கள். அடுத்த அழைப்பு வருமா என்ற கவலை நாவைக் கட்டக்கூடியதே. அமெரிக்க பேஸ்பால் வானொலியிலும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. அங்கே பல வர்ணனையாளர்களுக்குச் சம்பளம் தருவது அவர்கள் வர்ணிக்கும் அணியே. அப்படியிருந்தும் டாட்ஜர்ஸ் அணிக்காக 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் பேசிய வின் ஸ்கல்லி, எதிரணியின் நல்ல ஆட்டத்தையும் மனமாரப் பாராட்டியே பெயர் பெற்றார்.

சென்னை தந்த வர்ணனையாளர்களில் பாலு அழகணனுக்குத் தனி இடம் உண்டு. 1954–55இல் சென்னை அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அதன் தலைவர் அவரே. களத்தில் நின்றவர் ஒரு தவறான ஷாட்டைத் தவறு என்று சொல்லும்போது கேட்பவர் மறுப்பதில்லை.

தமிழில் வர்ணிக்கத் தொடங்கியபோது இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. மட்டையாளர், வீச்சாளர், ஓட்டம், எல்லைக்கோடு என்ற சொற்கள் தயங்காமல் வாயில் வர வேண்டும். இதில் முன்னின்றவர்கள் வி. ராமமூர்த்தியும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும். 2020இல் மறைந்த ஜப்பார் இலங்கை வானொலி நாடகங்களில் நடித்துப் பழகியவர். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்பது நாடகக்காரருக்குத் தெரியும். ஆனால் நாடகப் பயிற்சிக்கு ஓர் ஆபத்தும் உண்டு: சாதாரண பந்தையும் பரபரப்பாக்கிவிடத் தோன்றும். நல்ல தமிழ் வர்ணனை அந்த ஆசையை அடக்கி, ‘ஓட்டம் ஏதுமில்லை’ என்று நான்கு பந்துகளுக்கும் ஒரே குரலில் சொல்லி, ஐந்தாவது பந்துக்காக மூச்சைச் சேமித்துவைக்கும்.

1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்டின் முடிவில் நடந்தது இக்கலைக்கே ஒரு சோதனை. வெற்றிக்கு 348 தேவை, இந்தியா 347. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து மணீந்தர் சிங்கின் காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது ‘டை’. பந்து மட்டையில் உரசியது என்று மணீந்தர் பின்னாளில் சொல்லிவந்தார். வானொலியில் மறுஒளிபரப்பு கிடையாது. வர்ணனைப் பெட்டியில் இருப்பவருக்குத் தெரிவது பந்து காலில் பட்டதும் நடுவரின் விரலும் மட்டும். அந்த இரண்டை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாததாகவே விடுவதும் நேர்மைதான்.

தனியார் நிறுவனங்களிடம் ஒளிபரப்பு உரிமை போன பிறகு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களைப் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. அதன் வரம்பில் வானொலி வர்ணனையும் அடங்கும்.